பிறப்புறுப்பு ஹெர்பிஸ் நோயறிதல்

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் நோயறிதல் என்பது, பாலுறுப்புகளிலும் அவற்றைச் சூழ்ந்த தோலிலும் தோன்றும் கொப்புளமோ புண்ணோ ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தீநுண்மத்தால் (வைரசால்) ஏற்பட்டதா என்று உறுதி செய்யும் மருத்துவ முறையாகும். நோயாளி கூறும் வரலாறு, உடற்பரிசோதனை, புண்ணிலிருந்து எடுக்கும் மாதிரியின் ஆய்வு, குருதிச் சோதனை ஆகிய நான்கும் இதன் படிநிலைகளாகும். இவற்றுள் மிகவும் நம்பத்தக்கது, புண் புதிதாக இருக்கும்போதே அதன் அடியிலிருந்து எடுக்கப்படும் மாதிரியாகும். குருதிச் சோதனைக்குப் பல வரம்புகள் உண்டு. புண் எதுவும் இல்லாத ஒருவரின் குருதி அறிக்கையை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது தவறான நோயறிதலுக்கும், அதன் வழியே தேவையற்ற மனத்துயருக்கும் குடும்பப் பிணக்குக்கும் இட்டுச் செல்லலாம்.

உலக சுகாதார அமைப்பு 2024 ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையிலானவர்களுள் ஏறத்தாழ 84.6 கோடிப் பேர் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று உடையவர்கள். இது அவ்வயதினரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகும். இவர்களுள் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருப்பதை அறியாதவர்கள்.

பெயரும் வரலாறும்

ஹெர்பிஸ் என்பது 'ஊர்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கொத்தாகத் தோன்றும் கொப்புளங்களை அக்கி என்பர். வழக்கில் அக்கி என்று பெரும்பாலும் சுட்டப்படுவது, சின்னம்மைத் தீநுண்மம் மீண்டும் எழுவதால் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகத் தோன்றும் வேறொரு நோயாகும். அதற்குக் காவி மண்ணைக் குழைத்து உடலில் உருவம் வரையும் 'அக்கி எழுதுதல்' என்னும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் உண்டு. இரு நோய்களின் தீநுண்மங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனினும் அவை வெவ்வேறானவை. எந்தக் கொப்புளத்தின் மீதும் காவியோ களிம்போ பூசினால் அதன் தோற்றம் மறைந்து நோயறிதல் கடினமாகும்.

பழைய தமிழ் மருத்துவ வழக்கில் மேகநோய், கிரந்தி, பரங்கிப்புண் போன்ற பெயர்கள் பாலியல் நோய்களுக்கு வழங்கின. இப்பெயர்கள் இன்றைய நோய்ப் பிரிவுகளுடன் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவன அல்ல. 1736 ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ழான் அசுத்ருக், பாலியல் நோய்கள் பற்றிய தம் நூலில் பிறப்புறுப்பில் தோன்றும் ஹெர்பிசை விவரித்தார். 1960களில்தான் இத்தீநுண்மத்தில் இரண்டு வகைகள் உண்டு என்பது ஆய்வகத்தில் தெளிவாக நிறுவப்பட்டது. முதல் வகை (எச்.எசு.வி-1) பெரும்பாலும் உதட்டிலும் வாயிலும் புண் உண்டாக்குவது, சிறுவயதிலேயே பலருக்குத் தொற்றிவிடுவது. இரண்டாம் வகை (எச்.எசு.வி-2) பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவுவது. வாய்வழிப் பாலுறவினால் முதல் வகையும் பிறப்புறுப்பில் புண் உண்டாக்கக்கூடும்.

தொற்று ஏற்பட்ட பின் இத்தீநுண்மம் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை அடுத்துள்ள நரம்பு முடிச்சுகளில் வாழ்நாள் முழுதும் உறங்கு நிலையில் தங்குகிறது. அவ்வப்போது நரம்பு வழியே தோலுக்கு வந்து மீண்டும் புண்ணை உண்டாக்குகிறது. நோயறிதலில் எழும் சிக்கல்களுள் பலவற்றுக்கு இந்த இயல்பே காரணமாகும்.

புதுச்சேரியில்

புதுச்சேரியில் மேலை மருத்துவக் கல்வி பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1823 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியிலிருந்து தொடர்கிறது. அதன் வழிவந்த கல்லூரி, 1964 ஆம் ஆண்டு சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் (ஜிப்மர்) ஆயிற்று. நகரின் எல்லையில் கோரிமேட்டில் அமைந்துள்ள இந்நிறுவனம் 2008 ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. இங்கு தோல் நோய்களுக்கும் பாலியல் நோய்களுக்கும் சேர்ந்த ஒரே துறை இயங்குகிறது. நகரின் நடுவே விக்தோர் சிமோனல் வீதியில் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை உள்ளது.

ஜிப்மரைச் சேர்ந்த தேவிந்தர் மோகன் தாப்பா, சௌமியா கைமள் ஆகியோர் இந்தியாவின் பாலியல் தொற்றுகள் பற்றி 2007 ஆம் ஆண்டு ஒரு மீளாய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மென்கிரந்தி, வெட்டை போன்ற நுண்ணுயிரி (பாக்டீரியா) நோய்கள் குறைந்து வருவதையும், ஹெர்பிஸ், பாலுறுப்பு மரு போன்ற தீநுண்ம நோய்கள் கூடி வருவதையும் அது எடுத்துக்காட்டியது. இம்மாற்றம் நோயறிதலையும் பாதித்தது. முன்னர் பாலுறுப்புப் புண் என்றவுடன் கிரந்தியையே முதலில் எண்ணிய மருத்துவர்கள், ஹெர்பிசையும் முன்வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

நோய் வரலாறு

நோயறிதலின் முதற்படி தனி அறையில் நடைபெறும் உரையாடலாகும். மருத்துவர் பொதுவாகப் பின்வருவனவற்றைக் கேட்பார்:

* புண் எப்போது தோன்றியது, முதலில் கொப்புளமாக இருந்ததா, வலி உண்டா
* புண் தோன்றுமுன் அவ்விடத்தில் எரிச்சல், அரிப்பு, குறுகுறுப்பு இருந்ததா
* காய்ச்சல், தலைவலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அரையில் நெறி கட்டுதல் உண்டா
* இதே இடத்தில் முன்பும் இவ்வாறு வந்து தானே ஆறியதுண்டா
* அண்மையில் உட்கொண்ட மருந்துகள் யாவை
* பாலுறவுத் துணைக்கு இத்தகைய புண் உண்டா. வாயில் புண் உண்டா

தொற்று ஏற்பட்டு 2 முதல் 12 நாட்களுக்குள் முதல் அறிகுறிகள் தோன்றுவது வழக்கம். ஆனால் பலருக்கு அப்போது எதுவும் தோன்றாமல், மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குத் தெரியும் முதல் புண் வரக்கூடும்.

உடற்பரிசோதனை

சிவந்த தோலின் மீது கொத்தாக எழும் சிறு நீர்க்கொப்புளங்கள் இந்நோயின் அடையாளமாகும். அவை விரைவில் உடைந்து ஆழமற்ற, வலி மிக்க புண்களாகி, பின் பொருக்குத் தட்டி ஆறுகின்றன. முதல் தொற்றில் புண்கள் இருபுறமும் பரவி, ஆற 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். மீண்டும் வரும்போது புண்கள் சிலவாக, ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றி விரைவில் ஆறிவிடும்.

எல்லா நோயாளிகளிடமும் இப்பாடநூல் தோற்றம் காணப்படுவதில்லை. சிறு வெடிப்பு, சிராய்ப்பு போன்ற கீறல், சிவப்பு, வெறும் அரிப்பு ஆகிய வடிவங்களிலும் நோய் வெளிப்படலாம். பெண்களில் கருப்பை வாயில் மட்டும் புண் இருந்தால் அது வெளியே தெரியாது. எனவே கண்ணால் பார்த்து மட்டும் உறுதி செய்வது இரு வகையிலும் பிழைபடக்கூடியது: ஹெர்பிஸ் தவறவிடப்படலாம், வேறொரு நோய் ஹெர்பிஸ் எனத் தவறாகக் கருதப்படலாம்.

ஒத்த தோற்றமுடைய பிற நோய்கள்

* கிரந்தி (சிபிலிசு): பெரும்பாலும் ஒற்றைப் புண், வலியற்றது, அடிப்பகுதி கெட்டியானது.
* மென்கிரந்தி: வலி மிக்கது, ஓரம் ஒழுங்கற்றது, அரையில் சீழ்க்கட்டி வரலாம். இப்போது அரிதாகிவிட்டது.
* டோனோவனோசிசு: வலியற்ற, சதைப்பற்றான, எளிதில் குருதி கசியும் சிவந்த புண். இந்நோயின் உயிரியை 1905 ஆம் ஆண்டு சென்னையில் சார்லசு டோனோவன் கண்டறிந்தார்.
* மருந்து ஒவ்வாமைத் தடிப்பு: சல்பா மருந்துகள், வலி நீக்கிகள் போன்றவற்றை உட்கொள்ளும்போதெல்லாம் அதே இடத்தில் தோன்றுவது. ஆண்குறியில் வந்தால், திரும்பத் திரும்ப வரும் ஹெர்பிசாகத் தவறாகக் கருதப்படுவதுண்டு. ஆறிய இடத்தில் கருமை படிவது வேறுபடுத்த உதவும்.
* குரங்கம்மை: 2022 ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியதாயிற்று. கொப்புளங்கள் கெட்டியாகவும் நடுவில் குழிந்தும் காணப்படும்.
* பெச்செட் நோய், சொறி சிரங்கு, உராய்வுக் காயம் முதலியன.

ஒருவருக்கே இரு நோய்கள் சேர்ந்து இருக்கலாம் என்பதால், ஹெர்பிஸ் என்று உறுதியானாலும் கிரந்திக்கான சோதனை தவிர்க்கப்படுவதில்லை.

மாதிரி எடுத்தல்

ஆய்வகம் எவ்வளவு சிறந்ததாயினும் முடிவு மாதிரியைப் பொறுத்தது. மருத்துவர் புதிய கொப்புளம் ஒன்றைத் தேர்ந்து, அதன் மேல்தோலை ஊசியால் திறந்து, அடித்தளத்தைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தி உருட்டித் துடைத்து எடுப்பார். தீநுண்மம் கொப்புளத்தின் அடியில் உள்ள உயிரணுக்களில் பெருகுவதால், மேலே உள்ள நீரை மட்டும் தொட்டு எடுப்பது போதாது. இது சிறிது வலி தரும். துடைத்த குச்சி தனி ஊடகத்தில் இடப்பட்டு, குளிர்ந்த நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது.

காலம் இங்கு முக்கியமானது. கொப்புளமாக இருக்கும்போது தீநுண்மம் மிகுதியாகக் கிடைக்கும். புண்ணாகும்போது குறையும், பொருக்குத் தட்டியபின் பெரிதும் குறைந்துவிடும். கூச்சத்தால் ஒரு வாரம் காத்திருந்து, கடையில் வாங்கிய களிம்பைப் பூசிய பின் வருபவரிடம் நோயை உறுதி செய்யும் வாய்ப்பு நழுவிவிடலாம்.

ஆய்வகச் சோதனைகள்

ட்சாங்க் சோதனை

பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஆர்னோ ட்சாங்க் 1947 ஆம் ஆண்டு விவரித்த எளிய முறை இது. கொப்புளத்தின் அடியை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, உலர்த்தி, கீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பர். பல உட்கருக்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கிடக்கும் பெரிய உயிரணுக்கள் தென்பட்டால் அது ஹெர்பிஸ் குடும்பத் தீநுண்மத்தின் அடையாளமாகும். செலவு மிகக் குறைவு, முடிவு அன்றே கிடைக்கும்.

ஆனால் இச்சோதனையால் முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்தறிய இயலாது. சின்னம்மை, அக்கித் தீநுண்மத்திலும் இதே உயிரணுக்கள் காணப்படும். பழைய புண்ணில் பலமுறை எதிர்மறையாகவே வரும். எனவே இது துணைச் சான்றாகவே கொள்ளப்படுகிறது.

தீநுண்ம வளர்ப்பு

மாதிரியை ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிருள்ள உயிரணுக்களில் இட்டு, அவை வீங்கி உருண்டு அழிவதைக் கவனிப்பர். முடிவு கிடைக்க ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். வகையையும் அறியலாம். நீண்ட காலம் உரைகல்லாகக் கருதப்பட்ட இம்முறை, மீண்டும் வரும் புண்களிலும் ஆறத் தொடங்கிய புண்களிலும் தீநுண்மத்தைத் தவறவிடுவதால் படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது.

பாலிமரேசு தொடர் வினை

பி.சி.ஆர். எனப்படும் இம்முறையில், மாதிரியில் உள்ள தீநுண்மத்தின் டி.என்.ஏ. பகுதி பலகோடி மடங்காகப் பெருக்கப்பட்டுக் கண்டறியப்படுகிறது. வளர்ப்பு முறையைக் காட்டிலும் நுட்பமானது, சில மணி நேரத்தில் முடிவு தருவது, வகையையும் பிரித்துக் காட்டுவது. புண் உள்ளவருக்கு இதுவே இன்று சிறந்த சோதனையாகக் கொள்ளப்படுகிறது. 2020 ஆம் ஆண்டின் கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் இத்தகைய கருவிகள் இந்திய ஆய்வகங்களில் பரவலாயின. எனினும் ஹெர்பிசுக்கான சோதனை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை.

புண் எதுவும் இல்லாதவரின் தோலைத் துடைத்துச் செய்யும் பி.சி.ஆர். எதிர்மறையாக வந்தால், தொற்று இல்லை என்று பொருள் கொள்ள இயலாது. தீநுண்மம் இடைவிட்டே தோலுக்கு வருவது இதன் காரணமாகும்.

குருதிச் சோதனை

குருதிச் சோதனை தீநுண்மத்தைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகளையே தேடுகிறது. இவ்வேறுபாட்டை அறியாமையே அறிக்கைகள் தவறாகப் படிக்கப்படுவதற்கு முதற்காரணமாகும்.

இரு வகைகளையும் பிரித்தறிய, தீநுண்மத்தின் மேலுறையில் உள்ள கிளைக்கோபுரதம்-ஜி என்னும் பொருளுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரி அளக்கப்படுகிறது. இதைப் படிக்கும்போது கருத வேண்டியவை:

* பிறபொருளெதிரி தோன்றச் சில வாரங்கள் ஆகும். தொற்று ஏற்பட்ட உடனே எடுத்த குருதி எதிர்மறையாக இருப்பது இயல்பு. ஐயம் இருந்தால் 12 வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.
* முதல் வகைக்கான ஐ.ஜி.ஜி. இருப்பது, சிறுவயதில் வாயில் ஏற்பட்ட தொற்றின் தடமாக இருக்கலாம். அது பிறப்புறுப்பு நோயைக் காட்டுவதன்று.
* இரண்டாம் வகைக்கான சோதனையில் குறியீட்டு எண் 1.1க்கு மேல் இருந்தால் நேர்மறை என அச்சிடப்படும் அறிக்கைகள் உண்டு. ஆனால் 3.0க்குக் குறைவான எண்களில் பொய்யான நேர்மறை மிகுதி. எனவே அவற்றை வேறொரு முறையில் உறுதி செய்ய வேண்டும்.
* ஐ.ஜி.எம். சோதனை பயனற்றது. அது வகையைப் பிரிப்பதில்லை. பழைய தொற்று மீண்டும் எழும்போதும் நேர்மறையாகலாம். 'ஐ.ஜி.எம். வந்துள்ளது, ஆகவே இது புதிய தொற்று' என்னும் முடிவு தவறானது.

இக்காரணங்களால், அறிகுறி அற்றவர்களுக்குப் பொதுவாக ஹெர்பிஸ் குருதிச் சோதனை செய்ய வேண்டா என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016 ஆம் ஆண்டிலும் மீண்டும் 2023 ஆம் ஆண்டிலும் பரிந்துரைத்தது. இந்தியாவில் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளிலும், கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் டார்ச் எனப்படும் தொகுப்பிலும் ஹெர்பிஸ் பிறபொருளெதிரிச் சோதனைகள் இடம்பெறுவதுண்டு. நோயின் அறிகுறியே இல்லாத ஒருவர் இவ்வாறு ஒரு நேர்மறை அறிக்கையைப் பெற்றால், அதை மருத்துவரிடம் காட்டாமல் தாமே பொருள் கொள்ளலாகாது.

முடிவுகளைச் சேர்த்துப் படித்தல்

புண் மாதிரியும் குருதியும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டால் பின்வருமாறு அறியலாம்:

* புண்ணில் தீநுண்மம் உண்டு, குருதியில் அதே வகைக்கான பிறபொருளெதிரி இல்லை: அண்மையில் ஏற்பட்ட புதிய தொற்று.
* இரண்டிலும் அதே வகை உண்டு: பெரும்பாலும் முன்பே இருந்த தொற்று, இப்போது வெளிப்பட்டுள்ளது.
* புண்ணில் இல்லை, குருதியில் இரண்டாம் வகை உண்டு: தொற்று இருக்கலாம், ஆனால் இப்புண் வேறு காரணத்தால் வந்திருக்கலாம்.
* இரண்டிலும் இல்லை: வேறு நோய்களைத் தேட வேண்டும். தேவையெனில் பின்னர் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது நிலை குறிப்பிடத்தக்கது. ஒருவர் வாழ்வில் முதன்முறையாகக் காணும் புண், பல ஆண்டுகளுக்கு முன், திருமணத்துக்கும் முன்பே ஏற்பட்ட தொற்றின் வெளிப்பாடாக இருக்கலாம். கணவன் மனைவி இருவருள் ஒருவருக்குப் புண் தோன்றுவது, மற்றவரோ அவரோ அண்மையில் தவறிழைத்தார் என்பதற்குச் சான்றாகாது. தீநுண்மம் உண்டா, எந்த வகை என்பதையே சோதனை கூறும். யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையும் கூறாது. எப்போது வந்தது என்பதும் முதல் நிலையில் தவிர மற்றவற்றில் தெரிவதில்லை.

கருவுற்ற பெண்கள்

மகப்பேற்றின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கு ஊறு விளையலாம். கருவுற்ற இறுதி மாதங்களில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்ட தாயரிடம் இவ்விடர் 30 முதல் 50 விழுக்காடு வரை உள்ளது. முன்பே தொற்று இருந்து மீண்டும் புண் வரும் தாயரிடம் இது மிகவும் குறைவு, ஏனெனில் தாயின் பிறபொருளெதிரிகள் குழந்தைக்கும் காப்பளிக்கின்றன. ஆகவே புதிய தொற்றா, பழையதா எனப் பிரித்தறிவது இங்கு சிகிச்சையையே மாற்றவல்லது. வலி தொடங்கும் வேளையில் புண் காணப்பட்டால் பொதுவாக அறுவை மகப்பேறு பரிந்துரைக்கப்படும். பழைய தொற்று உள்ள தாயர் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகின்றனர்.

ஆய்வகம் இல்லாத இடத்தில்

எல்லா நலவாழ்வு மையங்களிலும் பி.சி.ஆர். வசதி இருக்க இயலாது என்பதால், அறிகுறித் தொகுதியைக் கொண்டு சிகிச்சை அளிக்கும் முறையை இந்தியா பின்பற்றுகிறது. தேசிய எய்ட்சு கட்டுப்பாட்டு அமைப்பின் 2007 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், பாலியல் நோய் மருந்துகளை நிறம் குறித்த பொதிகளாக வகுத்தன. கொப்புளமோ, திரும்பத் திரும்ப வரும் வலியுள்ள புண்களோ இருந்தால் ஹெர்பிசுக்குரிய சிவப்புப் பொதி வழங்கப்பட்டது. அதில் அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரைகள் நாளுக்கு மூன்று வீதம் 7 நாட்களுக்கு இருந்தன. ஏனைய புண்களுக்குக் கிரந்தியையும் மென்கிரந்தியையும் குணப்படுத்தும் வெள்ளை அல்லது நீலப் பொதி வழங்கப்பட்டது.

இம்முறையில் நோயாளி முதல் வருகையிலேயே மருந்து பெறுகிறார். ஆனால் வெளித்தோற்றத்தை மட்டும் நம்புவதால் பிழைகள் நேரும். குறித்த நாட்களில் ஆறாத புண்ணுடன் இருப்பவரை ஆய்வக வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

உடன் செய்யப்படும் சோதனைகள்

பாலுறுப்புப் புண் உள்ள அனைவருக்கும் கிரந்திக்கான குருதிச் சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. இரண்டாம் வகை ஹெர்பிஸ், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எச்.ஐ.வி. உடையவர்களில் ஹெர்பிஸ் புண்கள் பெரிதாக, ஆழமாக, நீண்டநாள் ஆறாமல் இருக்கலாம். எச்.ஐ.வி. சோதனை அரசின் ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது. 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்சு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இச்சோதனைக்கு நோயாளியின் ஒப்புதல் தேவை, முடிவு கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும்.

நோயறிதலுக்குப் பின்

தீநுண்மத்தை உடலிலிருந்து முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை இல்லை. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மருந்துகள் புண் ஆறும் காலத்தைக் குறைக்கின்றன. அடிக்கடி புண் வருபவர்கள் நாள்தோறும் உட்கொண்டால், அது மீண்டும் வருவதும் துணைக்குத் தொற்றுவதும் குறைகின்றன. ஆணுறை பரவலைக் குறைக்கிறது, முற்றிலும் தடுப்பதில்லை. புண்ணோ முன்னறிகுறியோ உள்ளபோது பாலுறவைத் தவிர்க்க வேண்டும்.

வகையை அறிந்திருப்பதும் பயனுடையது. பிறப்புறுப்பில் முதல் வகைத் தொற்று உள்ளவர்களுக்குப் புண் மீண்டும் வருவது அரிது. இரண்டாம் வகையில் முதல் ஆண்டில் அது பலமுறை வரலாம், பின்னர் படிப்படியாகக் குறையும். எனவே முதல் கொப்புளம் தோன்றிய ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரை அணுகி மாதிரி அளிப்பதே உறுதியான நோயறிதலுக்கு உரிய வழியாகும்.